நீரிழிவும் சிறுநீரகப் பாதிப்பும் உள்ளவர் ஆன்யுட்டி வாங்கலாமா?

கேள்வி: சேலம் சூரமங்கலத்தில் வசிக்கிறேன். வயது 60. தனியார் ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 25 லட்சம் ரூபாய் வந்தது. பல வருடங்களாகச் சர்க்கரை நோய் உண்டு. இப்போது சிறுநீரகமும் ஆரம்பக் கட்டப் பாதிப்பில் இருக்கிறது. மனைவிக்கு 54 வயது. தனி வருமானம் இல்லை. முழுத் தொகையையும் ஆயுள்கால பென்ஷன் தரும் ஆன்யுட்டியில் போடும்படி முகவர் வற்புறுத்துகிறார். நோயாளிகளுக்கு பென்ஷன் கூடுதலாகக் கிடைக்கும் என்று இங்கிலாந்தில் இருக்கும் மருமகன் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: மருமகன் சொல்வது இங்கிலாந்துக்குப் பொருந்தும். நீரிழிவு, இதய நோய், புகைப்பழக்கம் உள்ளவர்களின் மருத்துவ விவரங்களைக் கேட்டு, ஆயுள் குறையக்கூடும் என்ற கணக்கில், அதே தொகைக்கு அதிக பென்ஷன் தரும் ஆன்யுட்டிகள் அங்கே உண்டு. இங்கே எல்.ஐ.சி.யின் ஜீவன் அக்ஷய் 7 போன்ற திட்டங்களில் வயதும், செலுத்தும் தொகையும், தேர்ந்தெடுக்கும் வகையும்தான் பென்ஷனைத் தீர்மானிக்கின்றன. மருத்துவப் பரிசோதனை கிடையாது. நோயைக் காட்டி மறுக்கவும் மாட்டார்கள், கூட்டித் தரவும் மாட்டார்கள்.

பரிசோதனை இல்லை என்பதை முகவர்கள் ஒரு சலுகையாகவே சொல்வார்கள். ஆனால் சீக்கிரம் இறப்பவரின் மிச்சப் பணத்தில்தான் நெடுநாள் வாழ்பவருக்கு பென்ஷன் போகிறது என்பதால், நிறுவனம் கேட்காத உங்கள் நோயை நீங்களே கணக்கில் சேர்த்தாக வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: ஜீவன் அக்ஷய் 7-இல் 10 லட்சத்துக்கு, முதலைத் திருப்பித் தராத ‘ஏ’ வகையில் ஆண்டுக்கு 80,000 ரூபாயும், முதலைத் திருப்பித் தரும் ‘எஃப்’ வகையில் 64,000 ரூபாயும் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஏழு ஆண்டு பென்ஷன் வாங்கிய பின் இறந்தால், ‘ஏ’ வகையில் வாங்கிய 5,60,000 ரூபாயோடு கதை முடிந்தது. ‘எஃப்’ வகையில் வாங்கியது 4,48,000 ரூபாய்தான் என்றாலும், 10 லட்சம் மனைவி கைக்கு வரும். முகவர் காட்டும் பட்டியலில் பெரிய எண் ‘ஏ’ வகையில்தான் இருக்கும்; அதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இதனால் உங்கள் ஆயுள் குறுகியது என்று நான் சொல்ல வரவில்லை. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்து எண்பதைத் தாண்டியவர்கள் பலர். இங்கே முக்கியம் உங்களைவிட ஆறு வயது இளைய மனைவியின் எதிர்காலம். ஆகவே ஆன்யுட்டி வாங்குவதானால், இருவரில் எவர் இருக்கும்வரையிலும் முழு பென்ஷன் வந்து, இருவருக்கும் பிறகு போட்ட தொகை வாரிசுக்குப் போகும் ‘ஜே’ வகையே பொருத்தம். பென்ஷன் சற்றுக் குறையும். ஆனால் இந்தத் திட்டத்தில் சரண்டர் செய்யவோ (பாலிசியை இடையில் ஒப்படைத்துப் பணம் பெறவோ) கடன் பெறவோ முடிவது ‘எஃப்’, ‘ஜே’ ஆகிய இரண்டு வகைகளில் மட்டுமே. டயாலிசிஸ் வரை போகக்கூடிய நோய் உள்ளவர், அவசரத்துக்கு எடுக்க முடியாத இடத்தில் பணத்தைப் பூட்டிவைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

அதனால்தான் முழு 25 லட்சத்தையும் போடாதீர்கள் என்கிறேன். 15 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் வரும். தேவைப்பட்டால் அபராதம் கட்டி இடையிலேயே கணக்கை முடிக்கலாம். 5 லட்சம் சிகிச்சைக்கென வங்கி வைப்பில் இருக்கட்டும். மீதி 5 லட்சத்துக்கு மட்டும் இப்போது ‘ஜே’ வகை ஆன்யுட்டி போதும். ஐந்து ஆண்டு கழித்து அஞ்சலகப் பணம் முதிரும்போது உங்களுக்கு வயது 65. வட்டி நிலவரம் பெரிதாக மாறாவிட்டால், வயது கூடியதற்கே ஆன்யுட்டி விகிதமும் கூடியிருக்கும், சிறுநீரகத்தின் போக்கும் தெளிவாகியிருக்கும். அந்தப் பணத்தில் மேலும் ஆன்யுட்டி வாங்கலாமா என்று அப்போது முடிவெடுக்கலாம்.

ஆன்யுட்டி பென்ஷன் பெரும்பாலும் மாறாத தொகை. மருந்துச் செலவு அப்படியல்ல. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பதிந்திராவிட்டால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வருமானம் பாராமல் 5 லட்சம் வரை சிகிச்சைக்குத் தரும் மத்திய அரசின் ஆயுஷ்மான் காப்பீடு 70 வயதில்தான் தொடங்கும். எனவே, ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு என்பதை மனத்தில் வைத்து, மருத்துவக் காப்பீட்டுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அந்தப் படிவத்தில் மட்டும் நோயை மறைக்கவே கூடாது. பிறகு கிளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

முகவரின் பேச்சில் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தாலும் பாலிசி பத்திரம் கிடைத்த 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பத்திரம் வந்ததும் அதில் எந்த வகை எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.