‘பிரசன்ஸ்’ ஆல்பம் ஒட்டவில்லை என்றவருக்கு

வணக்கம். பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான லெட் செப்பலினின் முதல் ஆறு ஆல்பங்களும் உயிர், ஏழாவதான ‘பிரசன்ஸ்’ மட்டும் வறட்டுத்தனமாக இருக்கிறது, விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விடாதீர்கள். வறட்சி என்று நீங்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: இதில் கீபோர்டே கிடையாது, அக்கூஸ்டிக் கிட்டாரும் கிட்டத்தட்ட இல்லை. 1975 ஆகஸ்டில் கிரீஸின் ரோட்ஸ் தீவில் கார் விபத்தில் அடிபட்ட குழுவின் பாடகர் ராபர்ட் பிளாண்ட், சக்கர நாற்காலியில் இருந்தபடி பாடினார். மியூனிக்கில் மூன்று வாரத்துக்குள் எல்லா வேலையும் முடிந்துவிட்டது.

அதனால் மெலடியைத் தேடாமல் கேளுங்கள். நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு முதலில் ‘அக்கிலீஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்’ மட்டும். பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடும். ஜிம்மி பேஜ் கிட்டாருக்கு மேல் கிட்டாராக அடுக்கிக்கொண்டே போவார். அடியில் ஜான் போன்ஹாமின் டிரம்ஸ் நாலுகால் பாய்ச்சலில் ஓடும். பாதியில் கிட்டாரை மறந்து டிரம்ஸை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள், பாட்டே வேறு மாதிரி கேட்கும்.

அப்புறம் ‘நோபடீஸ் ஃபால்ட் பட் மைன்’. சட்டென்று நின்று மறுபடி கிளம்பும் இடங்கள்தான் அதன் உயிர். ‘கேண்டி ஸ்டோர் ராக்’ எனக்கும் சுமார்தான், தாண்டிவிடுங்கள். கடைசிப் பாட்டான ‘டீ ஃபார் ஒன்’ நிதானமான புளூஸ், அதை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.