பிக்மென்ட் இங்க்கில் (நிறமித் துகள்கள் கலந்த மை) எடுத்த கறுப்பு-வெள்ளைப் பிரிண்ட், ஊட்டியில் ஜன்னலோரம் மாட்டியதும் பச்சையடிப்பது ஏன்?

மங்குவது பெரும்பாலும் கறுப்பு அல்ல. கறுப்பு இங்க்கின் நிறமி கார்பன். வெயிலுக்கு எளிதில் அசையாது. சாதாரண கலர் மோடில் பிரிண்டர் பெரும்பாலும் சயான் (நீலப்பச்சை), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சளைக் கலந்துதான் சாம்பல் நிறத்தை உண்டாக்குகிறது. மூன்றும் ஒரே வேகத்தில் வெளுக்காது. மெஜந்தா முந்திக்கொண்டு வெளுத்தால், மிஞ்சும் சயானும் மஞ்சளும் சேர்ந்து சாம்பல் பச்சையடிக்கும். மேகம், மூடுபனி போன்ற வெளிர் பகுதிகளில்தான் முதலில் கண்ணில் படும்.

பிரிண்டர் டிரைவரில் (கணினியில் பிரிண்ட் அமைப்புகளைக் காட்டும் மென்பொருள்) கறுப்பு-வெள்ளைக்கான தனி மோடு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அதில் கறுப்பும் சாம்பல் இங்க்குகளுமே பெரும்பங்கு. கலர் இங்க் துளிதான். டோனை (நிறச்சாயலை) நியூட்ரலில் வையுங்கள். செபியா எனும் பழுப்புச் சாயல் வேண்டுமென்றால் கலர் இங்க் கூடும், ஆயுள் குறையும்.

பேப்பரையும் சந்தேகப்படுங்கள். பளீர் வெண்மைக்காகச் சேர்க்கும் பிரைட்னர் புறஊதாவில் செத்துவிடும். வெள்ளை மஞ்சளாகத் தெரியும். பிரைட்னர் இல்லாத பருத்திப் பேப்பரே நல்லது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். வெயில் குளிராகத் தோன்றினாலும் புறஊதா சமவெளியைவிட அதிகம்.

பிரிண்ட்டை 24 மணி நேரமாவது உலரவிட்டு, பிரிண்ட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் போர்டு (தடித்த அட்டை) இடைவெளியுடன் ஃபிரேம் போடுங்கள். அவசரப்பட்டால் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம்போல் மூட்டமாகும். இங்க்கில் உள்ள கிளைகால் (glycol) எனும் கரைப்பான் மெல்ல ஆவியாகிப் படிவது அது. ஈரச்சுவரோடு ஒட்டினாற்போல் ஃபிரேமை மாட்டாதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

சோதிக்க, ஒரு சாம்பல் பட்டையின் பாதியை அலுமினியத் தாளால் மூடி, தெற்கு ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டிவைத்துப் பிரித்துப் பாருங்கள்.