ஃபுட் காஸ்ட் கணக்குக்குப் பயந்து தாளை விடாதீர்கள்

வணக்கம். கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் ஹாஸ்பிடாலிட்டி (ஹோட்டல், உணவக நிர்வாகம்) படிக்கிறீர்கள், சமையல் வகுப்பு நன்றாகப் போகிறது, ஃபுட் காஸ்ட் கணக்குதான் (ஒரு தட்டு உணவின் சாமான் செலவு அதன் விற்பனை விலையில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு) பிடிபடவில்லை, அந்தத் தாளை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். வெட்டுவதும் வதக்குவதும் எந்த உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்தாலும் பழகிவிடும். மேனேஜர் ஆக இந்தக் கணக்குதான் வேண்டும்.

பெரும்பாலோர் தடுக்கி விழுவது கழிவில். 10 பவுண்டு மீன் 60 டாலர் என்றால், பவுண்டு 6 டாலர் என்று எழுதிவிடுகிறார்கள். தலை, செதில், முள் போக 6 பவுண்டுதான் தேறும் என்று வையுங்கள். அப்போது பவுண்டு 10 டாலர். ஒரு தட்டுக்கு அரை பவுண்டு, ஆக மீனுக்கே 5 டாலர். மற்ற சாமானுக்கு 1 டாலர் சேர்த்தால் 6. ஃபுட் காஸ்ட் 30 சதவீதம் இருக்க வேண்டுமானால் 6-ஐ 0.30-ஆல் வகுங்கள்; விலை 20 டாலர். அடிப்படை இவ்வளவுதான். வீட்டுக் குழம்புக்கே இப்படிப் போட்டுப் பழகுங்கள், வெங்காயத் தோலையும் எடை போட்டு.

அப்புறம், ஆசிரியரின் ஆபீஸ் அவர்ஸுக்கு (மாணவர்கள் நேரில் வந்து சந்தேகம் கேட்க அவர் ஒதுக்கும் நேரம்) நீங்கள் போட்ட கணக்கையே கொண்டுபோங்கள். எந்த வரியில் தவறுகிறது என்று அவர் காட்டிவிடுவார்.