பகிர்வதும் பேச்சுரிமைதானே?

கேள்வி: 'பிள்ளை பிடிக்கிற கும்பல் சுற்றுகிறது, உஷார்' என்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு தகவல் வந்தது. பழைய துணி கேட்டு வந்த ஒரு பெண்ணின் போட்டோவும் அதில் இருந்தது. நல்லெண்ணத்தில் நாலு பேருக்கு அனுப்பினேன். 'உடனே அழிங்கப்பா' என்று மகன் சண்டைக்கு வருகிறான். எனக்குப் பேச்சுரிமை கிடையாதா?
- ஒரு வாசகர், ஆரணி

பதில்: முதலில் அந்தப் போட்டோவை அழித்துவிடுங்கள். பிறகு மேலே படிக்கலாம்.

அத்திமூர் உங்களுக்குப் பக்கத்து ஊர்தான். 2018 மே மாதம் குலதெய்வம் கும்பிடச் சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பம் அங்கே வழி கேட்க நின்றது. காரில் இருந்த 65 வயது அம்மா, அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று கூட்டம் கூடி அடித்ததில் செத்தே போனார். அடித்தவர்களும் நல்லெண்ணத்தில்தான் அடித்தார்கள் ஐயா. பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நினைத்தார்கள்.

பேச்சுரிமை உங்களுக்கு நிச்சயம் உண்டு. 1950-ல் 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகை இங்கே வரக்கூடாது என்று சென்னை அரசு போட்ட தடையை உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது. மறு வருடமே அரசியல் சட்டத்தைத் திருத்தி, 'பொது ஒழுங்கு' என்ற காரணத்தையும் பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளில் சேர்த்தார்கள். அதைச் சாக்காக வைத்து எழுதுகிறவர்களை மடக்குவது எனக்கு அறவே பிடிக்காது. மந்திரியைக் கண்டித்து நீங்கள் எழுதி, அதற்காகப் போலீஸ் வந்தால் உங்கள் பக்கம் நிற்பேன். மந்திரிக்குப் பதில் சொல்ல மேடை இருக்கிறது, மைக் இருக்கிறது. துணி கேட்டு வந்த பெண்ணுக்கு என்ன இருக்கிறது?

நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தபோது, போனில் வந்த தகவலை நம்பி, ஒருவரைத் திருடன் என்று பெயரோடு போட்டுவிட்டேன். ஆள் அவரில்லை. மறுநாள் அவர் மனைவி வந்தார். மஞ்சள் பையிலிருந்து நான்காக மடித்த பேப்பரை எடுத்து, என் மேஜையில் விரித்து, அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழாம் பக்க மூலையில் வருத்தம் தெரிவித்தோம். அதை எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

அதனால், அழித்தால் மட்டும் போதாது. 'நான் விசாரிக்காமல் அனுப்பிவிட்டேன், அந்தப் பெண்ணை யாரும் சந்தேகப்பட வேண்டாம்' என்று அதே குழுவில் எழுதுங்கள். தனியாக அனுப்பிய நாலு பேருக்கும் இன்றைக்கே போன் போடுங்கள்.