இரண்டு வாசல் கல்லறை – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் புதுச்சேரியில் வசிக்கும் கத்தோலிக்கன். என் மகள் சிறு வயதிலிருந்து ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்குத் தவறாமல் சென்றவள். ஆண்டுத் தேர்வில் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறாள். சென்ற ஆண்டு, விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிபூசுதல் பெற்றபின் திருப்பலிக்கு வர மறுக்கிறாள். எங்கள் பங்கில் அன்பியம் என்கிற அக்கம்பக்கக் குடும்பங்களின் ஜெபக்குழு, இளையோர் இயக்கம், ஆண்டுத் தியானம் எல்லாம் நடக்கின்றன. பெந்தெகொஸ்தே சபைகளில் உள்ள இசையும் உற்சாகமும்தான் இல்லை. எங்கள் சொந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு ஏன் இரண்டு வாசல் என்று கடைசி வகுப்பில் கேட்டு, ஆசிரியையிடம் திட்டு வாங்கினாள், நானும் கண்டித்தேன். பிள்ளைகள் விசுவாசத்தில் வளரத் திருச்சபை இன்னும் என்னதான் செய்ய வேண்டும்?

ஒரு வாசகர், புதுச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை மறுபடி எடுத்து வாசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தானோ என்னவோ, நீங்கள் போகிற போக்கில் எழுதிய கல்லறை வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. இசைக்குழு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் நட்டமில்லை. ஆண்டுத் தியானத்தைப் பற்றியும் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

சம்பா கோயில் என்று உங்கள் ஊரார் அழைக்கும் பேராலயம் 1791-இல் இன்றைய வடிவத்தைப் பெறுவதற்கு முன்பு அங்கே இருந்த பழைய கோயிலின் உள்ளே ஒரு சுவர் இருந்தது. தாழ்த்தப்பட்ட சாதிகளிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் அதன் ஒரு பக்கத்திலும், சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியர்களும் மறுபக்கத்திலும் அமர்ந்து ஒரே பூசையைக் கண்டார்கள். 1745-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், சுவரின் தாழ்ந்த பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டிருந்தவர்கள் திரண்டு மூத்த குருவிடம் சென்று, எங்களையும் கிறிஸ்தவர்களாக ஏற்றுக்கொண்ட பிறகு இந்த வேற்றுமை எதற்கு என்று நியாயம் கேட்டதையும், சுவர் இடிக்கப்பட்டதையும், அதனால் சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்ததையும் பிள்ளை எழுதி வைத்திருக்கிறார். அன்றைக்கு அந்தப் பங்கில் விசுவாசத்தில் வளர்ந்திருந்தவர்கள் யார்? மந்திரங்களைப் பிழையில்லாமல் ஒப்பித்தவர்கள் சுவரின் இரண்டு பக்கங்களிலும் இருந்திருப்பார்கள். கற்றுக்கொடுத்ததை உண்மையென்று நம்பி, அப்படியானால் இது ஏன் என்று கேட்டவர்கள் ஒரு பக்கத்தில் மட்டுமே இருந்தார்கள்.

சாதி பார்த்துப் பிரித்த கல்லறை வாசல்களைப் பற்றி உங்கள் மகள் கேட்டதும் அந்தக் கேள்விதான். ஞானஸ்நானத்தில் எல்லோரும் ஒரே உடலானோம் என்பதை அவள் வெறும் தேர்வுப் பாடமாகப் படித்திருந்தால் கல்லறை வாசலைப் பார்த்து அவளுக்கு எந்தக் குழப்பமும் வந்திருக்காது. ஆகவே உங்கள் பங்கின் மறைக்கல்வி தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். அது பலித்த நாளில் ஆசிரியை திட்டினார். அவருக்காவது பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம் இருந்திருக்கலாம். உங்களுக்கு என்ன அவசரம்? பெற்ற மகள் வாழ்நாளில் முதல் முறையாகத் தன் மதத்தை மெய்யென்று எடுத்துக்கொண்டு பேசியபோது வாயை மூடு என்று சொல்லிவிட்டு, இப்போது திருச்சபை என்ன செய்கிறது என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

இதைக் கோபத்தில் எழுதுகிறேன் என்றாலும், உங்கள் கலக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளின் அறைக் கதவு சாத்தியே கிடக்கும்போது கோயிலுக்குத் தனியாகக் கிளம்பும் தகப்பனின் மனம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வருத்தம் உண்மையானது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கடலூர் முதுநகரில் மார்ட்டின் லூத்தரின் வழிவந்த லூத்தரன் சபைக் குடும்பத்தில் வளர்ந்தவன். எங்கள் சபையின் உபதேசியார் வாரத்தில் ஒரு மாலை குடும்ப ஜெபத்துக்கு வருவார். என் ஆயா, அதாவது பாட்டி, மிகுந்த பக்தியுள்ளவர். ஆனால் உபதேசியாருக்குக் காப்பி கொடுப்பதற்கென்று திண்ணை மாடத்தில் தனியாக ஒரு டம்ளர் வைத்திருந்தார். உங்கள் உறுதிபூசுதலைப் போன்ற திடப்படுத்தலுக்கான வகுப்பில் நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில், இராப்போஜனத்தில் எல்லோரும் ஒரே கிண்ணத்தில் குடிக்கும்போது நம் வீட்டில் மட்டும் ஏன் இரண்டு டம்ளர் என்று ஜெபத்தின் நடுவில் கேட்டுவிட்டேன். அப்பா கையை ஓங்கினார். உபதேசியார் அவரைத் தடுத்து, தம்முடைய வேதாகமத்தைப் பிரித்து என்னிடம் கொடுத்து, கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருக்கும் பந்தியைப் பற்றியும், இல்லாதவர்களை வெட்கப்படுத்துவதைப் பற்றியும் பவுல் கடிந்து எழுதியிருக்கும் பகுதி அது. அவர் அதற்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஜெபித்துவிட்டு வழக்கம்போலத் தம் டம்ளரில் காப்பி குடித்துவிட்டுப் போனார். ஆயா என்னிடம் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. டம்ளர் மாற ஆண்டுகள் ஆயின. ஆனால் அந்தப் புத்தகம் எங்கள் வீட்டைப் பற்றியும் பேசுகிறது என்பதை அன்று மாலை தெரிந்துகொண்ட நான், இன்றுவரை சபையை விட்டு விலகவில்லை. வகுப்பில் மனப்பாடம் செய்தவற்றில் பாதி மறந்துவிட்டது.

வினாவிடையாக அச்சிட்ட ஞானோபதேசப் புத்தகங்களில் விடையோடு வினாவும் பெரியவர்களுடையதுதான். பிள்ளையின் சொந்தக் கேள்விக்கு அவற்றில் இடமில்லை. அந்த இடத்தை வீடுதான் கொடுக்க வேண்டும். இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று யாத்திராகமம் பன்னிரண்டாம் அதிகாரம் பெற்றோருக்குத்தான் கட்டளையிடுகிறது. பிள்ளை கேட்கும் என்பதை அது எதிர்பார்த்தே பேசுகிறது. லூத்தர் 1529-இல் தம் சிறிய ஞானோபதேசத்தைக் குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்குக் கற்பிக்க வேண்டிய முறையிலேயே அமைத்தார். லூத்தர் உங்களுக்கு ஆகாதவர் என்றால், உங்கள் திருச்சபையின் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையைப் படியுங்கள். பிள்ளைகளுக்கு முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று அது ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்கிறது.

மகளைத் திருப்பலிக்கு வா என்று இப்போதைக்கு வற்புறுத்த வேண்டாம். கண்டித்தது தவறு என்று அவளிடம் சொல்லிவிட்டு, சொந்த ஊருக்கு அழைத்துச் சென்று இரண்டு வாசல்களையும் நீங்களே காட்டுங்கள். யார் எந்த வாசல் வழியாகத் தூக்கிச் செல்லப்படுகிறார்கள், உங்கள் தாத்தா எந்தப் பக்கம் கிடக்கிறார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு இருவருமாக அந்த ஊர்ப் பங்குத்தந்தையைப் பாருங்கள்; கேள்வியை அவளே கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள். முடிந்தால் அந்தக் கடிதத்தை உங்கள் மகளையே எழுதச் சொல்லுங்கள்.