நான்கு பெயர், ஒரே ஆள்: அலெக் டக்ளஸ்-ஹியூமை எப்படி எழுதுவது?

கேள்வி: பிரிட்டிஷ் அரசியல் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். 1938இல் மியூனிக் போன ‘லார்ட் டன்கிளாஸ்’, 1960இல் வெளியுறவு அமைச்சரான ‘ஏர்ல் ஆஃப் ஹோம்’, 1963இல் பிரதமரான ‘சர் அலெக்’, கடைசியில் ‘லார்ட் ஹோம்’ என்று நான்கு பேர் வருகிறார்கள். நால்வரும் ஒருவர்தானா? எங்கே எந்தப் பெயரைப் போடுவது?

பதில்: ஒருவரேதான். முதலில் உச்சரிப்பைச் சரிசெய்துவிடுங்கள். எழுத்தைப் பார்த்தால் ‘ஹோம்’ என்றுதான் படிக்கத் தோன்றும். அந்தக் குடும்பத்தார் சொல்வது ‘ஹியூம்’. ஹியூம் என்றே எழுதி, முதல் இடத்தில் மட்டும் அடிக்குறிப்பு கொடுத்தால் போதும்.

1903இல் பிறந்தார். 1918இல் தாத்தா இறந்து அப்பா ஏர்ல் (பரம்பரையாக வரும் பிரபுப் பட்டம்) ஆனதும், மூத்த மகனான இவர் ‘லார்ட் டன்கிளாஸ்’ ஆனார். இது வாரிசை மரியாதைக்காக அழைக்கும் பெயர்தான். சட்டப்படி அவர் இன்னும் பிரபு இல்லை. அதனால்தான் 1931இல் லனார்க் தொகுதியில் நின்று, பிரபுக்கள் உட்கார முடியாத காமன்ஸ் சபைக்கு (மக்கள் தேர்ந்தெடுக்கும் கீழவை) போக முடிந்தது. ‘லார்ட்’ என்று பார்த்ததும் ‘பிரபுக்கள் சபை உறுப்பினர்’ என்று எழுதிவிடாதீர்கள். ஹிட்லருடனான பேச்சுவார்த்தைக்காக மியூனிக்குக்கு அவர் போனது பிரதமர் சேம்பர்லினின் நாடாளுமன்றத் தனிச் செயலராக. அப்புறம் 1940இல் முதுகெலும்பில் காசநோய். ஏறத்தாழ இரண்டு வருஷம் மாவுக்கட்டோடு படுக்கை. 1945 தேர்தலில் தோற்று, 1950இல் அதே லனார்க்கில் மறுபடி ஜெயித்தார்.

1951 ஜூலையில் அப்பா இறந்தார். அன்றோடு மகன் 14ஆம் ஏர்ல். காமன்ஸ் இடம் தானாகவே போயிற்று. ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்ல அப்போது சட்டத்தில் வழியே கிடையாது. வெளியுறவு அமைச்சர் பதவி வரை வகித்தது பிரபுக்கள் சபையிலிருந்துதான். 1951 முதல் 1963 வரை ‘ஹியூம் ஏர்ல்’ அல்லது ‘ஹியூம் பிரபு’ என்று எழுதுங்கள்.

வழி திறந்துவிட்டது எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் என்பதுதான் வேடிக்கை. லேபர் கட்சியின் டோனி பென், 1960இல் தந்தை இறந்ததும் ஸ்டான்ஸ்கேட் வைகவுன்ட் (இதுவும் பரம்பரைப் பிரபுப் பட்டம்தான்) ஆகி, காமன்ஸ் இடத்தை இழந்தார். இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தும், நீதிமன்றம் தோற்றவருக்கே இடத்தைக் கொடுத்தது. அவர் விடாமல் போராடியதன் பலன்தான் பட்டத்தைத் துறக்க இடம் தந்த 1963ஆம் ஆண்டுச் சட்டம். அது ஜூலையில் வந்தது; அக்டோபரில் பிரதமர் மாக்மில்லன் உடல்நலக் குறைவால் விலகினார். பென் போட்ட பாதையில் ஒரு கன்சர்வேடிவ் பிரதமர் நடந்து போனார்!

தேதிகளில் கவனம் தேவை. அக்டோபர் 19 அன்று பிரதமரானவர் ஹியூம் ஏர்ல். காமன்ஸுக்குப் போட்டியிட வேண்டி 23ஆம் தேதி பட்டங்களைத் துறந்த பிறகுதான் அவர் சர் அலெக் டக்ளஸ்-ஹியூம். ஸ்காட்லாந்தின் கின்ராஸ் தொகுதி இடைத்தேர்தலில் நவம்பர் 7 அன்று வாக்குப்பதிவு. இடையில் இரண்டு வாரம், எந்தச் சபையிலும் உறுப்பினராக இல்லாமலே பிரிட்டனுக்குப் பிரதமர்.

சரி, பட்டத்தை உதறியவருக்கு ‘சர்’ எங்கிருந்து வந்தது? 1962இல் ராணி வழங்கிய திசில் என்ற ஸ்காட்லாந்து வீரப்பட்ட விருதிலிருந்து. அது பரம்பரைச் சொத்து இல்லை, துறக்கவும் வேண்டியதில்லை. ‘சர் டக்ளஸ்-ஹியூம்’ என்று அச்சிலேயே பார்த்திருக்கிறேன், தவறு. ‘சர்’ முதற்பெயரோடுதான் சேரும்: ‘சர் அலெக்’. ‘லார்ட் அலெக்’கும் தப்பு.

லேபர் தலைவர் ஹரால்ட் வில்சன் ‘பதினான்காம் ஏர்ல்’ என்று குத்திக்காட்டியதும், யோசித்துப் பார்த்தால் அவரும் பதினான்காம் மிஸ்டர் வில்சன்தானே என்று இவர் திருப்பிக் கொடுத்ததும் உங்கள் கட்டுரையில் வரலாம். அங்கே எண்ணை விட்டுவிட்டால் நகைச்சுவை செத்துப்போகும்.

1964 தேர்தலில் வில்சனிடம் தோற்றார். 1970 முதல் 1974 வரை மறுபடி வெளியுறவு அமைச்சராக இருந்தபோதும் சர் அலெக்தான். 1974 கடைசியில் ஆயுட்காலப் பிரபுவாக (பட்டம் வாரிசுக்குப் போகாது) பிரபுக்கள் சபைக்கே திரும்பினார். அப்போதைய பெயர் ‘ஹர்சல் ஹியூம் பிரபு’. ஹர்சல் என்பது ஸ்காட்லாந்தில் உள்ள குடும்ப மாளிகை. இதை ஏர்ல் பட்டத்தோடு குழப்பக் கூடாது.

1963இல் ஏர்ல் பட்டத்தைத் துறந்தது அவருடைய ஆயுள் வரைக்கும்தான் செல்லும். 1995 அக்டோபரில் அவர் இறந்ததும் மகன் டேவிட் 15ஆம் ஏர்ல் ஆனார். ஆகவே உங்கள் கட்டுரையில் 1995க்குப் பிறகு ‘ஹியூம் ஏர்ல்’ யாராவது வந்தால், அது இவர் இல்லை.