கூரைக்கு ஏறும் சாவி

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயில் தேக்குக் கூரையும் ஓடும் போட்ட பழைய கட்டடம். போன அசனப் பண்டிகையில் (சபையார் கூடி உண்ணும் திருவிழா) சீரியல் லைட் வயர் கருகிப் புகைந்தது, அணைத்துவிட்டோம். தீயணைப்பு நிலையம் பக்கத்தில்தானே, பயமில்லை என்கிறார்கள் கமிட்டியில். பாரிஸ் நோத்ர தாம் பேராலயம் எரிந்தபோது விமானத்திலிருந்து தண்ணீர் கொட்டியிருக்கலாமே என்றும் ஒருவர் கேட்டார். என்ன சொல்வது?
சா., நாசரேத்

தம்பி சா.,

ஓடு மழையை உள்ளே விடாமலிருக்கப் போட்டது. ஹோஸ் தண்ணீரையும் அப்படியே வழித்து வெளியே விட்டுவிடும். உள்ளேயிருந்து அடித்தால் மச்சுப் பலகை மறிக்கும். இரண்டுக்கும் நடுவே, தடுப்புச் சுவரே இல்லாத இருட்டில், தீ ஆல்டரிலிருந்து (பலிபீடத்திலிருந்து) மணிக்கூண்டு வரை ஓடும். மணிக்கூண்டு புகைபோக்கி வேலை பார்க்கும். கனத்த தேக்கு உத்திரம் கரிந்தாலும் சட்டென்று விழாது. அதை நம்பி உள்ளே போகிறவர்கள் தலையில் ஓடுகளும் சிறு சட்டங்களும்தான் முதலில் விழும்.

விமானக் கதைக்கு வருகிறேன். காட்டுத்தீ அணைக்கும் விமானம் ஆறு டன் தண்ணீரை ஒரே வீச்சில் கொட்டும். எரிகிற கூரைக்குக் கீழே நிற்கும் கல் வளைவு அதைத் தாங்காது. 2019 ஏப்ரல் 15 அன்று நோத்ர தாமில் மோசம் போனது வேறு இடத்தில். மாலை 6.20 வாக்கில் அலாரம் அடித்தது; காவலாளியை வேறொரு கூரைக்கு அனுப்பிவிட்டார்கள். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போனது. எட்டு மணிக்குள் ஊசிக்கோபுரம் சரிந்தது.

எங்கள் ஊர்க் கோயில் மச்சில் ஒருமுறை எலக்ட்ரீசியனோடு ஏறினேன். துணி சுற்றிய பழைய வயர்மேல் புறா கூடு கட்டியிருந்தது. வைக்கோல், குச்சி, நாலைந்து கிறிஸ்துமஸ் தோரணத் துண்டுகள். தீப்பெட்டி ஒன்றுதான் குறை! ஏறுவதற்கே அன்று சாயங்காலமாகிவிட்டது. மணிக்கூண்டுப் படிச் சாவி கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை இடுப்பில். அவர் மகள் வளைகாப்புக்குத் தென்காசி போயிருந்தார்.

நிலையத்துக்காரர்களை ஒருநாள் கோயிலுக்குக் கூப்பிடுங்கள். மச்சுக்கு எப்படி ஏறுவது, மெயின் சுவிட்ச் எங்கே, வண்டி காம்பவுண்டு கேட்டுக்குள் நுழையுமா என்று அவர்களே பார்க்கட்டும். படிச் சாவி ஒன்றைச் சேகரகுருவின் (போதகரின்) வீட்டிலும் மாட்டி வையுங்கள். அப்புறம், கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்று கட்டாயம் கேட்பார்கள். ஐப்பசி மழை முடிந்து அளந்த கணக்கைக் கொடுத்துவிடாதீர்கள். சித்திரையில் அளந்து சொல்லுங்கள்.